வெயில் என்று சொன்னவன்

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பங்களா வாசலில் பித்தளைத் தகட்டில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. வந்து தங்கிப் போன வெள்ளைக்காரர்கள் இணையத்தில் அவனைப் புகழ்ந்து எழுதியதிலும் இருக்கிறது. அவனுக்கு அது போதும். என் அக்கா ராசாத்தியின் பெயரும், பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த செல்வியின் பெயரும் எங்கேயும் எழுதப்படவில்லை. அதனால் இங்கே அவர்களுக்குப் பெயர் உண்டு, அவனுக்குக் கிடையாது. 'அவர்' என்று எழுதவும் எனக்குக் கை வராது. பொறுக்க முடியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களா. கம்பெனி அதை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றியபோது இவனை மெனேஜராகக் கொண்டுவந்தது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பிரான்ஸ்காரர்கள், இவனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்றார்கள். எங்களைப் போலவே தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன்தான். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அவனுடைய அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'ஐயா' என்று கூப்பிட்டால் காதில் விழாதது போலப் போவான். 'தொரை' என்றால் திரும்புவான்.

என்ன பிரெஞ்சு பேசுகிறான் என்பது எங்களுக்குக் கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. சாப்பாடு, வண்டி, அறைச் சாவி எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவான். வானிலை மட்டும் பிரெஞ்சில். விருந்தாளி படி இறங்கி வரும்போது கைகளை விரித்து, பல்லைக் காட்டி, 'இல் ஃபே போ' என்பான். நல்ல வெயில், அழகான நாள் என்று அர்த்தம். அதற்கு மேல் நாலைந்து வாக்கியம் வரும். காற்று இதமாக இருக்கிறது, மேகம் விலகிவிடும், மத்தியானம் இன்னும் நன்றாக இருக்கும். அவர்கள் மயங்கிப்போவார்கள். இந்த மலை மூலையில் தங்கள் பாஷையில் ஒருவன் வானத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

அவன் அப்படிச் சொல்லும்போது ஒரு தடவைகூட வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பான். காலில் என்ன சப்பாத்து என்று பார்ப்பான். மலையேறுகிற சப்பாத்து என்றால் வெயில். கழுத்தில் பெரிய கேமரா தொங்கினால் நல்ல வெயில். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி என்றால் வானவில்லே வரும். முகத்துக்கு முகம் வானம் மாறும். மலையில் வேலை செய்கிற யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். எங்களுக்கு வானம் என்பது கூடையில் விழுகிற கொழுந்து, அடுப்பில் காயாத விறகு. அதில் யாரும் விளையாட மாட்டோம்.

நான் பங்களாவில் அறை வேலைக்காரி. காலையில் மலையில் ஆள் எண்ணிப் பெரட்டு எடுப்பது போல இவனும் எங்களைச் சமையல் குசினிக்குப் பின்னால் வரிசையாக நிறுத்துவான். கொழுந்துக்காரிகளுக்கு எந்த மலை என்று சொல்வதைப் போல எங்களுக்கு அன்றைய வானிலையைச் சொல்வான். அது தினமும் ஒன்றுதான். தேத்தண்ணித் தட்டோடு அறைக்குள் போக வேண்டும், திரையை விலக்க வேண்டும், திரும்பிப் பார்த்துச் சிரித்து 'இல் ஃபே போ' என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒத்திகை வேறு. வயதான சமையல்கார அப்புவுக்கு வாய் வராது. 'போ' என்கிற கடைசி எழுத்தை மட்டும் பலமாகச் சொல்லி, கையால் வாசலையும் காட்டுவார். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தை வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் அப்பு கேட்டார்: "தொரை, வெளிய ஒன்னுமே தெரியலைங்களே. பனி மூடிக்கிட்டு கெடக்கு. அன்னைக்கும் இதே தானுங்களா சொல்லணும்?"

"பனின்னு சொன்னா அவங்க ரூமுக்குள்ளேயே படுத்துக்குவாங்க. வேன் சும்மா நிக்கும். ஒனக்கு அதானே வேணும்?"

"இல்லைங்க, அவங்களுக்கும் கண்ணு இருக்கேன்னு பார்த்தேன்."

"கண்ண நான் பார்த்துக்கிறேன். நீ ஆப்பத்த பாரு."

சொன்னபடியே பார்த்துக்கொள்ளவும் செய்தான். பட்டிப்பொலப் பக்கம் உச்சி வெளியைப் பார்க்கக் கூட்டிப்போகிற நாட்களில் முக்கால்வாசி ஒன்றும் தெரியாது. மூடுபனிக்குள் நனைந்துவிட்டுத் திரும்புவார்கள், முகமெல்லாம் கடுகடுப்பாக இருக்கும். இவன் வாசலில் துவாயோடு நிற்பான். உங்களுக்கு முன்னால் போன கூட்டத்துக்கு இதுகூடக் கிடைக்கவில்லை, நீங்கள் இருந்த ஒரு நிமிஷம் விலகியதே, பார்க்கவில்லையா என்று கேட்பான். பாதிப் பேர் பார்த்ததாகவே சொல்லிவிடுவார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எப்போதும் வெயில்தான் என்கிற அவனுடைய சட்டத்தை எனக்கு முதலில் உடைத்துக் காட்டியது ஒரு பிரெஞ்சுக் கிழவி. தனியாக வந்திருந்தாள். நான் திரையை விலக்கி 'இல் ஃபே போ' என்றேன். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. கிழவி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கட்டிலை விட்டு இறங்கி என் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். மழையைக் காட்டி, 'இல் ப்ளு' என்றாள். நான் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. அவள் இருந்த நாளெல்லாம் காலையில் எனக்கு அதுதான் பாடம். மூடுபனிக்கு ப்ரூயார். காற்றுக்கு ஒரு சொல், ஆலங்கட்டிக்கு ஒரு சொல். ஒரு பகலில் தூரத்தில் இடி உருண்டபோது விரலை உயர்த்தி, கண்ணை அகட்டி, 'ஒராஜ்' என்றாள். இடி, மின்னல், மழை மூன்றும் சேர்ந்த சொல் அது. அவன் ஒளித்து வைத்த வானம் முழுக்க எனக்கு அவளிடமிருந்து கிடைத்தது.

அடுத்து வந்த ஒரு ஜோடியிடம் நான் 'இல் ப்ளு' என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேனை வேண்டாம் என்றார்கள். அவன் என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டு, வாய் இருக்கிறதே என்று திறக்காதே, இங்கே மழை பெய்ய வேண்டுமா என்று நான்தான் சொல்வேன் என்றான். கத்தவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அந்தத் தோட்டத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு வேடிக்கை உண்டு. பங்களாவுக்கு மேலே உள்ள மலையில் ஆறு பெண்களைக் கொழுந்து எடுக்க நிறுத்துவார்கள். மற்றவர்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிப் பையோடு எடுக்கும்போது, இந்த ஆறு பேருக்கும் தேய்த்த சிவப்புச் சேலை, புதுக் கூடை, கண்ணாடி வளையல். பார்க்க லட்சணமாக இருப்பவர்களை அவனே பொறுக்குவான். என் அக்காவும் செல்வியும் அந்த ஆறு பேரில் இருந்தார்கள். செல்வி எல்லாருக்கும் இளையவள், அக்கா பின்னாலேயே சுற்றுவாள். மலை ஓரத்தில் தனியாக ஒரு பெரிய மரம். மரம், அதன் பக்கத்தில் இரண்டு பெண்கள், பின்னால் கீழே நீர்த்தேக்கம். போட்டோவுக்கு அதுதான் சரி என்று அக்காவையும் செல்வியையும் எப்போதும் அங்கேதான் நிறுத்துவான்.

சித்திரை மாதம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா விசில் அடித்து மற்ற எல்லாரையும் மலையை விட்டு இறக்கிவிட்டார். ஆறு பேர் மட்டும் நின்றார்கள். அவர்களுக்குக் கண்டாக்கு சொல்ல முடியாது, அவர்கள் பங்களா ஆட்கள். பிரான்ஸ்காரக் கூட்டம் ஒன்று அப்போதுதான் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு அவர்களுக்குப் பின்னால் வந்தேன். அவன் முன்னால் நடந்தான். 'இல் ஃபே போ' என்று சொல்லிக்கொண்டே நடந்தான். இடி உருண்டபோது ஒரு வெள்ளைக்காரி நின்று வானத்தைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் கையை நீட்டி, சுத்தியலால் அடிப்பது போலக் காட்டினான்.

மேலிருந்து அக்கா கூப்பிட்டாள்: "தொரை, இடி இடிக்குதுங்க. நாங்க எறங்குறோம்."

"இடி இல்ல புள்ள. ரோட்டுல கல்லு ஒடைக்கிறாங்க. ரெண்டு பேரும் மரத்துகிட்டயே நில்லுங்க. வர்றாங்கல்ல."

செல்வி கூடையைக் கழற்றப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து, "நில்லு செல்வி, சொல்றாருல்ல" என்றாள்.

இவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒரு வெளிச்சம். என் கையிலிருந்த தட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மரம் மேலிருந்து கீழ்வரை பிளந்து நின்றது. செல்வி எழுந்திருக்கவில்லை. அக்காவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் இருந்தது. வலது காது போய்விட்டது. வலது கை இன்றுவரை மடங்கியே இருக்கிறது. கொழுந்து எடுக்கிற கை.

விசாரணை தோட்ட ஆபீசில் நடந்தது. அவன் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு வானம் நன்றாகவே இருந்தது என்றான். திடீரென்று வந்த ஒரு மின்னலுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றான். தான் அந்தப் பெண்களை ஏற்கெனவே இறங்கச் சொல்லிவிட்டதாகவும், ராசாத்திதான் கதை பேசிக்கொண்டு செல்வியை மரத்தடியில் பிடித்து வைத்துக்கொண்டாள் என்றும் சொன்னான். 'நில்லு செல்வி' என்று அக்கா சொன்னது மற்ற நாலு பேர் காதிலும் விழுந்திருக்கிறது. அதைச் சொன்னார்கள். அதற்கு முன்னால் அவன் சொன்னது மட்டும் யார் காதிலும் விழவில்லையாம். பங்களா வேலையை விட யாருக்கு மனம் வரும்? நான் சொன்னேன். கூடப்பிறந்தவள் அப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள்.

அன்றிலிருந்து செல்வியின் அம்மா மாரியாயி அத்தை எங்களோடு பேசவில்லை. ஒரே லயம், நடுவில் ஒரு சுவர். அவள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள். குழாயடியில் அக்காவின் முறை வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு திருவிழாவில் அத்தை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எம்புள்ள கையப் புடிச்ச கைதான் மடங்கிப்போச்சு. சாமி பார்த்துக்கிட்டுதான் இருக்கு." அக்காவுக்கு இடது காதில் அது நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை.

பங்களாவில் என் கடைசிக் காலையைச் சொல்லிவிடுகிறேன். செல்வியை அடக்கம் செய்த மறுநாள் விசாரணை. அதற்கு மறுநாள் காலை அவன் எங்களை வரிசையில் நிறுத்தி, முகத்தைச் சிரித்த மாதிரி வைக்கச் சொன்னான். அந்தப் பிரான்ஸ்காரக் கூட்டம் இன்னும் தங்கியிருந்தது. இரண்டு பெண்களும் பிழைத்துக்கொண்டார்கள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தான். நான் தட்டோடு ஒவ்வோர் அறைக்கும் போனேன். திரையை விலக்கினேன். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. பிளந்த மரம் ஜன்னலிலேயே தெரியும். அதைக் காட்டி 'ஒராஜ்' என்றேன். ஒருத்தி போய்விட்டாள் என்று கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினேன். எல்லா அறையிலும் அதேதான். கூட்டம் அன்றே பெட்டியைக் கட்டியது. ஒரு பெண் போகும்போது அவன் நீட்டிய கையைத் தொடாமல் போனாள். மத்தியானம் என்னை வேலையை விட்டு நிறுத்தினான்.

அது என் கோபத்துக்குப் பொரி கூட இல்லை. எனக்கு வேண்டியது வேறு. கல் உடைக்கிறார்கள் என்று சொன்ன அதே வாயால், அன்றைக்கு இடி இடித்தது, நான்தான் நிற்கச் சொன்னேன் என்று மாரியாயி அத்தையிடம் அவன் சொல்ல வேண்டும். பிறகு அவன் எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை.

வருஷங்கள் போயின. நான் ஹட்டன் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்தேன். அவனுக்குச் சீனி வியாதி முற்றிக் கண் இரண்டும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பங்களாவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவனுடைய அக்கா மகன் ஒருவன் வெளிநாட்டில் இருந்தான். அவன் கினிகத்தேனையில் ஒரு வீடு எடுத்து, கடை முதலாளி ஒருவர் மூலமாக, மாமாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளை வேண்டும் என்று சொல்லி வைத்தான். யாரும் நாலு நாள் தங்கவில்லையாம். நான் போனேன். என் அக்காவிடம் எந்த வீடு என்று சொல்லவில்லை.

என் குரலை அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்குப் பயமே இல்லை. வேலைக்காரி குரல் அவன் காதில் எப்போது விழுந்தது?

கினிகத்தேனையைப் போல மழை பெய்கிற ஊர் கிடையாது. பெய்யாத நாளில் தூறும், தூறாத நாளில் மூடிக்கொண்டு நிற்கும். அந்த ஊரில் ஒரு குருடன் நாள் முழுக்கக் கேட்பது ஒன்றுதான்: "வெளியில எப்படி இருக்கு?" கண் விழித்ததும் கேட்பான், தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பான், மலசலகூடத்துக்குப் போகும்போது கேட்பான். பாதையில் போகிறவர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கூப்பிட்டுக் கேட்பான். வாழ்நாள் முழுக்க வானத்தைப் பார்க்காமல் வானம் சொன்னவனுக்கு, பார்க்க முடியாமல் போன பிறகு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

நான் எப்போதும் நல்ல வெயில் என்று சொன்னேன்.

தூறலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈரமாக இருக்கிறதே என்பான். பனிங்க, இப்ப விலகிரும் என்பேன். வெயில் என்று நம்பிக் கம்பளியை எடுத்துவிடுவான், பிறகு நடுங்குவான். மூடிய பகலில் சட்டையைக் கழற்றி வெயில் காய உட்காருவான். உடம்பு ஏன் சூடாகவே இல்லை என்று தன்னையே கேட்டுக்கொள்வான்.

ஒரு பகலில் இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இடி சத்தமா அது?"

"இடி இல்லைங்க தொரை. ரோட்டுல கல்லு ஒடைக்கிறாங்க."

அவன் வாய் திறந்தபடியே நின்றது. கண் தெரியாதவன் முகம் வெளுப்பதை அன்றுதான் பார்த்தேன். மடியில் இருந்த கோப்பையைக் கை தேடியது, கிடைக்கவில்லை. "நீ யாரு?" என்றான்.

"ராசாத்தி தங்கச்சி. தட்டு தூக்கிக்கிட்டு பின்னால வந்தேன்ல, அவ."

வீட்டை விட்டுப் போகச் சொன்னான். நான் போகவில்லை. சோறு வேளைக்குப் போட்டேன், மாத்திரை கொடுத்தேன், துணி துவைத்தேன். ஒரு குறை யாரும் சொல்ல முடியாது. வெளியில் எப்படி என்று கேட்டால் மட்டும் இனிமேல் பிரெஞ்சில் பதில் சொன்னேன். ஆலங்கட்டி விழுந்தாலும் இல் ஃபே போ. காற்று வேலியைப் பிடுங்கினாலும் இல் ஃபே போ. கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்க முயன்றான். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். தன் அக்கா மகனுக்குப் போனில் சொன்னான்: "இவ வெயிலப் பத்திப் பொய் சொல்றாப்பா." அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, மாமாவுக்கு மூளை கொஞ்சம் பிசகுகிறது போல, நீங்கதான் அனுசரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

அவன் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் நான் சொல்லியிருந்தேன். முதலில் முடியாது என்றான். பிறகு ஞாபகமில்லை என்றான். பிறகு ஒரு நாள் தானாகவே பாரீஸ் கதையைச் சொன்னான். அங்கே பெரிய ஹோட்டல் மெனேஜராக இருந்ததாக எங்களிடம் பீற்றிக்கொண்டவன். உண்மையில் ஒரு ஹோட்டலின் நிலத்தடி அறையில் தட்டுக் கழுவியிருக்கிறான். ஜன்னல் கிடையாது. காலையில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவான். சாப்பாடு பரிமாறுகிற வெள்ளைக்காரப் பையன்கள் எச்சில் தட்டோடு படி இறங்கும்போது வெளியில் எப்படி என்று அவர்களிடம் கேட்பானாம். அவர்கள் இவனோடு பேசிய பிரெஞ்சு அது ஒன்றுதான். பிறகு விளையாட்டுக்குப் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். 'இல் ஃபே போ' என்பார்கள். இவன் கோட்டு இல்லாமல் மேலே வருவான், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்தானே, அது எப்படி இருக்கும்னு" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அவங்கள நிக்க வச்சீங்க."

எனக்கு இரக்கம் வந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம். வரவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாரீஸில் இருந்தார்கள். செல்வி சிரிக்கவில்லையே.

இதற்குப் பிறகும் சில வாரம் இழுத்தான். மழை ஓயவே இல்லை, நானும் ஓயவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "போனப் போடு" என்றான்.

மாரியாயி அத்தை என்னோடு பேச மாட்டாள். அதனால் லயத்தில் ஒரு பையனைப் போனில் கூப்பிட்டு, அவனுடைய போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன். யார் என்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சத்தத்தைக் கூட்டி மேசையில் குருடன் முன்னால் வைத்தேன். அவன் முதலில் தன் பெயரைச் சொன்னான். பிறகு சுற்றி வளைக்கப் பார்த்தான், அந்தக் காலத்தில் கம்பெனி எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தான். நான் மேசையைத் தட்டினேன்.

"அன்னைக்கு இடி இடிச்சிச்சு" என்றான். "அவங்க எறங்குறோம்னாங்க. நான்தான் கல்லு ஒடைக்கிறாங்கன்னு சொல்லி நிக்க வச்சேன். மரத்துகிட்ட நிக்கச் சொன்னதும் நான்தான். ராசாத்தி நான் சொன்னதத்தான் சொன்னா."

அத்தை பேசியபோது அழுகையோ கத்தலோ இல்லை.

"தெரியும்" என்றாள். "நாங்க யாரு சொல்லி நிக்கிறவங்க? எங்களுக்குத் தெரியாதா? ஆனா ஒன்மேல கோவப்பட்டு நான் எங்க வந்து கத்துறது? பங்களா கேட்டுக்குள்ள விடுவாங்களா? பக்கத்து காம்பராவுல ஒருத்தி இருந்தா. அவகிட்டதான் கோவப்பட முடிஞ்சிச்சு." பிறகு, "நீ செத்துராத. இருந்து கெட" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் காது கூசியது. இத்தனை வருஷமும் அத்தைக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. கடைசியில் அதையும் சேர்த்து எதிரில் உட்கார்ந்திருந்தவன் கணக்கிலேயே வைத்தேன்.

பொழுது சாயும்போது அக்கா எனக்குப் போன் போட்டாள். அவள் போனில் எப்போதும் இடது பக்கமாகவே கத்திப் பேசுவாள். அன்று மெதுவாகப் பேசினாள். அத்தை வந்திருக்கிறாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, அக்காவின் மடங்கிய கையை எடுத்து எண்ணெய் போட்டு உருவி விட்டிருக்கிறாள். நாளைக்கும் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"என்னாச்சு அவங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள். "யாரு என்ன சொன்னாங்க?"

"வந்து சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது கினிகத்தேனையில் வெயில். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு வெயிலைப் பார்த்ததில்லை. மலைகள் பச்சையாக, கிட்டத்தில் நின்றன. ஈரமெல்லாம் ஆவியாக எழுந்தது. பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடையைச் சுழற்றிக்கொண்டு போனார்கள்.

நான் தேத்தண்ணித் தட்டோடு அவன் அறைக்குள் போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தான். முகம் சவரம் செய்த மாதிரித் தெளிவாக இருந்தது. கொடுத்ததைக் கொடுத்துவிட்டோம், இனி வாங்கலாம் என்கிற முகம்.

"சொல்லிட்டேன்ல. இனியாவது உண்மையச் சொல்லு. வெளியில எப்படி இருக்கு?"

தடித்த திரை. ஓரத்தில் மட்டும் கோடு மாதிரி வெளிச்சம். அதை இழுத்து நன்றாக மூடினேன்.

"இல் ப்ளு" என்றேன். "நல்ல மழை. இன்னைக்கு முழுக்க விடாது போல."

அவன் தலையை ஆட்டினான். என்னை நம்பினான். முதல் தடவையாக உண்மை கிடைத்துவிட்டது என்று நம்பி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

நான் அவன் வேட்டி சட்டையையெல்லாம் அலசி, முற்றத்தில் வெயிலில் காயப் போட்டேன். மத்தியானத்துக்குள் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. மடித்து அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, பஸ் ஏறி அக்காவிடம் போனேன்.